ஊசி ஒடிந்தால் யாரிடம் சொல்வார்கள்?

நன்றாகத் தைப்பவரைத்தான் லைன் சூப்பர்வைசர் ஆக்குகிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்து ஆடை யூனிட்டுகளில் நான் கண்ட வழக்கம் இது. காலர் வைப்பதில் கை படிந்தவர், லீவு போடாதவர், மணிக்கு மணி டார்கெட்டை முடிப்பவர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் கையில் ப்ரொடக்‌ஷன் ஷீட்டைக் கொடுத்து எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். சனிக்கிழமை வரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்களை இனி அவர்தான் வேலை வாங்க வேண்டும். எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

தரப் பிரிவில் இருப்பதால் இப்படிப் புதிதாக வந்தவர்கள் பலரை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். அவர்கள் லைனில் நடப்பது எப்படியும் என் மேஜைக்கு வந்துவிடும். தேறியவர்களுக்கும் தடுமாறியவர்களுக்கும் நடுவே எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். லைனில் ஒரு தப்பு நடந்தால் அது எவ்வளவு சீக்கிரம் அவர் காதுக்கு வருகிறது?

ஊசியையே எடுத்துக்கொள்வோம். தைக்கும்போது ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, சேர்த்து வைத்தால் முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அங்கே இருக்கும் பீஸ் அத்தனையும் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகள் உடுப்பு என்றால் தளர்வே கிடையாது. தையலுக்குள் தங்கிவிட்ட நுனி, எங்கோ ஒரு பச்சைக் குழந்தையின் கழுத்தில் குத்தும். இத்தனையும் முடிவதற்குள் பீஸ் தேங்கிவிடும், அந்த மணி நேரத்து டார்கெட் விழும்.

மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். "அக்கா, ஊசி ஒடஞ்சுபோச்சு, நுனியக் காணோம்" என்று அவள் சொன்னதும், நாலு பேர் முன்னால் "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். எப்படியோ ஒரு ஊசியைத் தேடி மாட்டிக்கொண்டு தைப்பாள். ஷீட்டில் கணக்கு சரியாக இருக்கும். சூப்பர்வைசரும் தன் லைன் ஒழுங்காக ஓடுகிறது என்றே நம்பியிருப்பார்.

இந்த அதட்டல் நம் ஆலைகளுக்கு மேஸ்திரி காலத்துச் சொத்து. ஆளைச் சேர்ப்பதும் லீவு தருவதும் வெளியே அனுப்புவதும் அன்று அவர் வைத்ததுதான் சட்டம், மாமூல் வேறு. ஆள் எடுக்கும் பொறுப்பை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-லேயே எழுதியது. இன்றைய சூப்பர்வைசரால் ஒருவரை வேலைக்குச் சேர்க்கவும் முடியாது, நூறு ரூபாய் சம்பளம் கூட்டவும் முடியாது. அந்தக் குரல் மட்டும் கைமாறி அவரிடம் வந்திருக்கிறது.

அவர் நிற்கும் இடமும் இக்கட்டானது. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் சட்டப்படி தொழிலாளி அல்ல என்று தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2010-ல் அந்த வரம்பு 10,000 ஆனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 18,000. பதவிப் பெயரை விட உண்மையில் பார்க்கும் வேலைதான் கணக்கு என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன என்றாலும், சூப்பர்வைசர் ஆகும் பெண்ணிடம் இதை யாரும் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்லியே ஆக வேண்டும். தொழிலாளிக்குரிய பாதுகாப்பு கைநழுவக்கூடும், நிர்வாகத்தின் பலமும் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நிலையில் மேலிருந்து வரும் நெருக்கடியை அப்படியே கீழே தள்ளிவிடத்தான் யாருக்கும் தோன்றும்.

நெருக்கடியைக் கீழே தள்ளாமல் வேலை வாங்குவது, கற்றுக்கொடுத்தால் வருகிற விஷயம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொழில் தெரியாத ஆட்களால் நிரம்பிய அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்கென்றே பத்து மணி நேரப் பயிற்சிகள் நடந்தன. வேலையைப் படிப்படியாகக் காட்டிக்கொடுப்பது எப்படி என்று ஒன்று. ஆட்களோடு பிரச்சினை வந்தால் முடிவெடுக்கும் முன் நடந்ததை முழுதாகக் கேட்டறிவது எப்படி என்று இன்னொன்று. போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவும்தான். புது மெஷின் வந்தால் ஒரு நாள் முழுக்க டெமோ வைக்கிற நாம், நாற்பது பேரை ஒருவர் பொறுப்பில் விடும்போது பத்து மணி நேரம் ஒதுக்காமல் இருப்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 2019-20 கணக்குப்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில். லைனில் ஷீட்டோடு நிற்கும் சூப்பர்வைசர்களிலும் பெண்கள் கூட வேண்டுமென்றால், பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அவர்களைத் தனியாகத் தவிக்க விடக் கூடாது.

நடந்ததைக் கேட்டறிவது என்றால் லேட்டாக வருவதிலிருந்தே தொடங்கலாம். செங்கல்பட்டு லோக்கலைத் தவறவிட்டவரும், முடிச்சூரில் முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்தவரும் ஷீட்டில் ஒரே மாதிரி "லேட்"தான். 2015 டிசம்பரில் அடையாறு அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. இன்றும் பெருமழை என்றால் அங்கே இருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பவரிடம்தான் மழைக்கு முந்தின நாளே வந்து, "நாளைக்கு வர்றது சந்தேகம்க்கா" என்பார்கள்.

சேலையூரிலிருந்து வந்த ஒரு பெண் இதை யாரும் சொல்லாமலே செய்தார். சூப்பர்வைசர் ஆன புதிதில் அவர் லைனில் ஊசி ஒடிந்தது. மெஷினில் இருந்தவர் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இவருக்குத் தொழில் பழக்கியவரும் அவரே. "கையில குத்தலையேக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்லம்மா, நுனிதான் எங்க போச்சுன்னு தெரியல." மெஷினுக்கு அடியில் குனிந்து காந்தத்தை வைத்துத் தானும் சேர்ந்து தேடினார். தேங்கிய பீஸுக்கான பதிலை ஃப்ளோர் இன்சார்ஜிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த அக்காவை அனுப்பவில்லை.

அந்த மாதம் ரிஜிஸ்டரில் மற்ற லைன்களைவிட அவர் லைனில்தான் ஒடிந்த ஊசிகள் அதிகம். புதுசு, கண்டிப்பு போதவில்லை என்று பேச்சு எழுந்தது. பக்கங்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே இடம்: நாலு மடிப்புத் துணி சேரும் தையல், இரண்டே மெஷின்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அந்தக் கனத்துக்கு 11-ம் நம்பர் ஊசி தாங்காது என்று 14 மாட்டினார், அங்கே ஒடிவது ஏறக்குறைய நின்றது. அதே தையல் ஓடிய இன்னொரு லைனின் ரிஜிஸ்டரில் அந்த மாதம் ஒரு பதிவுகூட இல்லை. மெக்கானிக்கோடு அடுத்து அங்கே போனேன்.