பிள்ளையை இரண்டாக்க வேண்டாம்



ஒரே குழந்தைக்காக இரண்டு ஸ்திரீகள் சாலமோன் அரசனிடத்தில் வழக்காடினதை அரசராகமத்தில் வாசிக்கிறோம். குழந்தையை வாளால் இரண்டாக்கும்படி அரசன் கட்டளையிட்டபோது, பிள்ளை பிழைத்தால் போதுமென்று அதை மற்றவளுக்கே விட்டுக்கொடுக்கத் துணிந்தாள் பெற்றவள்.

நம் பங்கிலே வாள் இல்லை. ஆனாலும் வெட்டு நடக்கிறது. புருஷன் மேலே பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில். மனைவி கீழே போடியில் தாய்வீட்டில். ஞாயிற்றுக்கிழமை அவன் பலகாரப் பொட்டலத்தோடு போடிமெட்டு இறங்கி வருகிறான். பிள்ளையோ பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீ வரவேண்டாம்" என்கிறது. சொன்னது பிள்ளையின் வாய்; சொல்லிக்கொடுத்தது யார்? (ஒரு குடும்பத்தை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை.)

தகப்பன்மாரையும் நான் விடப்போவதில்லை. ஆறு மாதம் ஒரு காசும் அனுப்பாமல், ஏலக்காய் விலை ஏறினதும் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றால் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளுமா? நட்ட ஏலம் காய்க்கவே மூன்று வருஷம் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2016-ம் ஆண்டு அர்ச். சூசையப்பர் திருநாளில் கையொப்பமிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் மடலிலே, பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பிணையாகப் பிடித்துவைக்கலாகாது என்று மன்றாடினார். தாய் தகப்பனைப்பற்றியும், தகப்பன் தாயைப்பற்றியும் நல்லது பேசக் கேட்டே அது வளரவேண்டும் என்றார். "அந்த மனுஷனைப்பற்றி நல்லதாக என்ன இருக்கிறது, சாமி?" என்பீர்கள். மழையென்று பாராமல் மலையிலே உழைக்கிறவன் என்றாவது சொல்லலாமே. தகப்பனிடம் போய்த் திரும்பின பிள்ளையிடம், "அங்கே யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்?" என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். பணம் கேட்க அதைத் தூது அனுப்பவும் வேண்டாம்.

குடித்து அடிக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணக்கூடாது. அங்கே அதன் பாதுகாப்பே முந்தியது. 1098 என்ற எண்ணுக்குத் தயங்காமல் பேசுங்கள்.

இன்னொன்று. பிரிந்து வாழ்கிறவர்கள் நன்மை வாங்கலாகாது என்று சிலர் கிசுகிசுக்கிறார்கள். அது தவறு. பிரிந்திருப்பது மட்டுமே தேவநற்கருணைக்குத் தடையாகாது. பிள்ளையின் புதுநன்மை நாளில் இருவருமே வரவேண்டும். ஒரே பெஞ்சியில் உட்காரக் கூசினால் இடவலமாக உட்காருங்கள்.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மனமில்லாதவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் அறைவீட்டுத் திண்ணைக்கு வரலாம். பிள்ளை பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். முதல் வாரம் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.