கசிவும் பொறுமையும்

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் தங்கியிருந்தபோது, வாராந்திர வகுப்புக்கு வரும் அன்பர் ஒருவர் தயக்கத்துடன் கேட்டார்: "சுவாமி, நான் பொறுமையாக இருக்கிறேனா, கோழையாக இருக்கிறேனா என்பதை எப்படி அறிவது?"

கேள்வி பெரியது, அது எழுந்த இடமோ மிகச் சிறியது. நகரின் தெற்கே பழைய குடியிருப்பு ஒன்றில் அவரது வீடு. அங்கே இரு வீடுகளுக்கு நடுவே மூன்றடி இடைவெளி இருந்தாலே அதிகம். அண்டை வீட்டுக்கு மண்ணுக்கடியில் செல்லும் குடிநீர்க் குழாய் எங்கோ கசிந்து, அன்பரின் வீட்டுச் சுவரை அடியிலிருந்து ஊற வைத்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. அலமாரியில் இருந்த நூல்களில் பூஞ்சை படர்ந்தது.

அண்டை வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் தனியே வசித்தார். சொன்னால் அவர் தரையைத் தோண்ட வேண்டும், செலவாகும், மனம் நோவார். "அதோடு நான் தமிழன், அவர் கன்னடத்தவர். பேச வேண்டிய பொருளோ காவிரி நீர்! எதற்கு வம்பு என்று ஓராண்டாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இது சாதனையில் சேருமா?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிறிது வேதனையும் இருந்தது.

இரண்டு மௌனங்கள்

பொறுமையும் அச்சமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வாய் திறப்பதில்லை. ஆனால் மனத்துக்குள் அவை செய்யும் வேலை வெவ்வேறு. உண்மையாகப் பொறுத்தவன் நிகழ்ந்ததை அங்கேயே விட்டுவிட்டுத் தன் கடமையைப் பார்க்கிறான். அஞ்சிப் பேசாதிருப்பவனோ சுவரைக் காணும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு வழக்கு மன்றத்தைக் கூட்டுகிறான். வாதியும் அவனே, நீதிபதியும் அவனே. குற்றவாளிக்கு மட்டும் தான் குற்றம் சாட்டப்பட்டிருப்பது தெரியாது.

அன்பர் இதைக் கேட்டுத் தலைகுனிந்தார். "அந்த அம்மையாரை வாசலில் கண்டால் முன்போல் வணங்குவதில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்றார். குழாய் மண்ணில் கசிந்தது. வெறுப்பு மனத்தில் கசிந்தது.

சரி, அவரது பொறுமை அப்பழுக்கற்றதாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. நாம் மன்னிக்கும் பொருள் நம்முடையதுதானா?

யார் பங்கு நீர்?

காவிரி நீர் பெங்களூரை வந்தடைந்தது 1974-இல். தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, சுமார் 500 மீட்டர் உயரம். மூன்று கட்டங்களாக இறைத்து மேலேற்றி நீரைக் கொண்டு வருகிறார்கள். நதி தானாக வந்து பாயும் ஊர் அல்ல அது. ஒவ்வொரு குடத்து நீரின் பின்னாலும் மின்சாரமும் மனித உழைப்பும் இருக்கின்றன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் தவித்தபோது, குடிநீரால் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவையை முன்னிட்டு அளிக்கப்பட்டது. தாகம் தணிப்பது பயிர் வளர்ப்பதற்கு முந்தியது என்ற அறம் அதில் இருக்கிறது. ஆனால் தாகத்தின் பெயரால் பெற்ற நீர் யார் தாகத்தையும் தணிக்காமல் மண்ணுக்குள் போனால், அதை என்னவென்று சொல்வது?

ஒரு சிறு கணக்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிகிறது. நீர் வரும் நாளில் ஐந்து மணி நேரம் வருகிறது என்று கொள்வோம். 300 லிட்டர் வீண். பெருநகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வழங்கலுக்கு வகுத்த அளவு. ஆக, இருவரின் ஒரு நாள் தேவை மண்ணில் கரைகிறது.

ஆகவே அன்பரிடம் சொன்னேன்: "சுவர் உங்களுடையது, அதற்கு நேர்ந்த கேட்டை நீங்கள் மன்னிக்கலாம். நீர் உங்களுடையது அன்று. தெருக்கோடியில் குடத்தோடு காத்திருப்பவர் சார்பிலும், கடைமடை உழவர் சார்பிலும் மன்னிக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது?" நமக்கு இழைத்ததைப் பொறுப்பது தவம். பிறருக்கு இழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதற்கும் பொறுமை என்று பெயரிடுவது, பிறர் பொருளைத் தானம் செய்வது போன்றது.

குற்றம் எங்கே தொடங்குகிறது?

அண்டை வீட்டாரைக் கெடுக்கும் நீர் பழமையான வழக்கு. தன் வீட்டு நீரால் அயலான் சுவருக்குக் கேடு செய்பவனுக்கு அர்த்தசாஸ்திரமே தண்டம் விதிக்கிறது. இங்கிலாந்தில் ஆலை உரிமையாளர் ஒருவர் அமைத்த நீர்த்தேக்கம் உடைந்து, அடுத்தவரின் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவனே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று 1868-இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டிலிருந்து அதுபோன்ற வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. பெருமழையில் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து, மதராஸ் ரயில்வேயின் பாதை சேதமுற்றது. அங்கே தீர்ப்பு வேறு. இந்த நாட்டில் ஏரி காப்பது தொன்றுதொட்டு வரும் கடமை. மக்களின் வாழ்வு அதைச் சார்ந்தது. கவனக்குறைவு இல்லாதபோது ஜமீன்தார் பொறுப்பாளி அல்லர் என்றது.

நம் அன்பரின் சிக்கலுக்கு இரண்டாவது தீர்ப்பே நெருக்கமானது. குழாய் இல்லாமல் வீடு இல்லை. மண்ணுக்குள் இரும்பு துருப்பிடிப்பது யாருடைய பாவமும் அன்று. உடைந்தது குற்றமல்ல, தெரிந்த பின்னும் விட்டுவைப்பதே குற்றம். ஆனால், தெரியாதவருக்கு அந்தக் கடமை எப்படித் தோன்றும்? யாராவது தெரிவிக்க வேண்டும். நாம் பேசாதிருக்கும்வரை அவர் குற்றமற்றவர். தெரிந்தும் சொல்லாத நாம்தான் குற்றத்துக்கு அருகில் நிற்கிறோம்.

எப்படிச் சொல்வது?

எங்கள் ஆசிரமத்துக் குழாய்ப் பணியாளரிடம் இதைக் கேட்டேன். "நீர் விடும் நாளில் மட்டும் சுவர் நனைந்தால், தெருக்குழாய்க்கும் சம்புக்கும் இடையே கசிவு. மோட்டார் போடும்போது நனைந்தால், மேல்தொட்டிக்குப் போகும் குழாயில் கசிவு. மீட்டருக்கு முன்னால் கசிந்தால் கணக்கில் ஏறாது. யாருக்கும் பணம் போகாததால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்" என்றவர், இன்னொன்றும் சொன்னார்: "நீர் வராத நேரத்தில் குழாய் வெற்றாகிவிடும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளி அழுக்கு உள்ளே போகும்." நல்லது வெளியேறும் வழியிலேயே தீயது உள்ளே வருகிறது. மனத்துக்கும் இது பொருந்தும்.

சொல் உண்மையாக இருக்க வேண்டும், இனிமையாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு நன்மை தர வேண்டும், அவரைக் கலங்கச் செய்யக் கூடாது என்கிறது கீதை. அதை வாக்கினால் செய்யும் தவம் என்கிறது. இந்த நான்கையும் மனத்தில் கொண்டு அன்பர் சென்றார். தம் சுவரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "அம்மா, நம் இரு வீட்டுக்கும் நடுவே காவிரி நீர் வீணாகப் போகிறது. உங்கள் குடிநீரிலும் அழுக்குச் சேரலாம். ஆளை நான் அழைத்து வரட்டுமா?" என்று தமக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டார்.

அம்மையார் திகைத்துப்போனார். "இரண்டு வருடமாகவே எனக்குச் சந்தேகம்தான். உங்கள் பக்கம் ஈரம் வந்திருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களே என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்" என்றார்.

அன்பர் இதை என்னிடம் சொன்னபோது அவரது குரல் தழுதழுத்தது. அவர் பொறுமை என்று எண்ணியது, அந்த அம்மையாருக்கு அனுமதியாக இருந்திருக்கிறது. ஓராண்டாக அவர் வெறுத்தது, தம்மை நம்பியிருந்த ஒருவரை!

தோண்டியபோது துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் கிடைத்தது. வாரியத்துக்குத் தெரிவித்து மாற்றினார்கள். குழாயின் செலவை அம்மையார் ஏற்றார்; சுவரின் செலவை அன்பர் ஏற்றார். சுவர் முழுதும் காய மாதக்கணக்காயிற்று. ஊறிய காலத்துக்கு ஏற்றபடிதானே உலரும் காலமும் இருக்கும்?

வாசக அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டு, நீர் வரும் நேரத்தில் மீட்டரைச் சற்றுப் பாருங்கள். சம்பு நிறைந்த பின்னும் முள் நகர்ந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது நம் வீடு. நகரவில்லையெனில், அண்டை வீட்டுக் கதவை அன்போடு தட்டும் தகுதி நமக்கு உண்டு. அந்தத் தகுதி இருக்கும்போது தட்டாமல் இருந்துவிடாதீர்கள்.