அறுபட்டதைப் பொருத்தும் அறப்பளீஸ்வரர்!

விடிந்தால் காபி, டிபன், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா, மாமியாருக்கு மாத்திரை... ஒரே நாளுக்குள் எத்தனை துண்டுகளாகிப் போகிறீர்கள்! பூஜையறையில் அமர்ந்தாலும் பாதி மனசு அடுப்படியில் அல்லவா நிற்கிறது?

உங்களுக்காகவே ஒரு சிவபெருமான் மலை மேல் காத்திருக்கிறார். நாமக்கல் மாவட்டத்தில், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் அருள்புரியும் அறப்பளீஸ்வரர்தான் அவர். குடும்பத்தோடு விடியற்காலையில் கிளம்பினால், தரிசனத்தை முடித்து இரவுக்குள் மலையிறங்கி விடலாம்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு பலா, மிளகு, காபித் தோட்டங்கள் நடுவே பயணம். செம்மேட்டுக்கு அருகில் வாசலூர்ப்பட்டியில் ஓர் ஏரி இருக்கிறது. பிள்ளைகள் படகுக்கு ஓடுவார்கள்; ஓடட்டும். நீங்கள் கரையில் பத்து நிமிடம் உட்காருங்கள். காற்று ஓய்ந்திருக்கும் வேளையில், மலையும் வானமும் சிதறாமல் முழுசாகத் தண்ணீரில் தெரியும். சலனமில்லாத மனசும் இப்படித்தான். அதில்தான் இறைவன் முழுமையாகத் தெரிவான்.

அங்கிருந்து நேரே கோயிலுக்கு வாருங்கள். தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றான இங்கே, அம்பாளின் திருநாமம் அறம்வளர்த்த நாயகி. அம்பலவாணக் கவிராயர் 'அறப்பளீசுர சதகம்' பாடியது இந்த ஈசன் மீதுதான். அருகிலேயே ஐயாறு ஓடுகிறது. ஈசன் இந்த ஆற்று மீன்களின் வடிவில் உறைவதாக ஐதீகம். அதனால் பக்தர்கள் மீன்களுக்கு உணவிடுகிறார்கள்.

அதன் பின்னணியில் ஒரு தல வரலாறு உண்டு. முன்பொரு சமயம் இந்த ஆற்றில் மீன் பிடித்த சிலர், அவற்றைத் துண்டுகளாக அறுத்துச் சமைத்தார்களாம். அறுபட்ட துண்டுகள் ஈசனின் அருளால் ஒன்றோடொன்று பொருந்தி, உயிர்பெற்று, துள்ளி ஆற்றுக்குள் பாய்ந்தனவாம்!

இன்னொரு செய்தியையும் சொல்வார்கள். உழவர் ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பை எதிலோ இடித்தது. ரத்தம் பீறிட்டது. தோண்டிப் பார்த்தால் சிவலிங்கம்! அந்தத் தழும்பு இன்றும் லிங்கத் திருமேனியில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அறுபட்ட மீனைப் பொருத்தியவர், தன் காயத்தின் தழும்பை மட்டும் அழித்துக் கொள்ளவில்லை. ஏன்? 'உன் வலி எனக்கும் தெரியும்' என்று நமக்குச் சொல்லத்தானோ! காயம் பட்டவளிடம்தானே காயம் பட்டவள் மனம் திறக்கிறாள்?

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்! மற்ற மலைத் தலங்களில் ஏறிப் போய் இறைவனைக் காண்கிறோம். இங்கே இறைவனைக் கண்டுவிட்டு, தீர்த்தத்தைத் தேடி இறங்குகிறோம். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முழங்கால் வலி, இதய நோய் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். கோயிலருகே ஐயாற்று நீரைத் தலையில் தெளித்துக் கொண்டாலே போதும்.

கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே அமைதியாக ஓடி வந்த அதே ஐயாறு, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பாறையில் மோதி, துளித்துளியாக, புகையாகச் சிதறுகிறது. 'ஆறு அழிந்தே போயிற்று' என்று தோன்றும். சற்றே கண்ணைத் தாழ்த்துங்கள். சிதறிய துளிகள் எல்லாம் ஒன்றுகூடி, மறுபடி ஆறாகிப் புளியஞ்சோலைப் பக்கம் ஓடுகின்றன. அன்று மீனுக்குச் செய்ததை, ஈசன் தண்ணீருக்கு இன்றும் செய்து காட்டிக் கொண்டிருக்கிறார்!

உடன்பிறந்தவரோடு பேச்சு முறிந்ததா? நம்பியவர் வார்த்தையால் அறுத்தாரா? மகனோ மகளோ மனதால் தூரப் போய்விட்டார்களா? அறப்பளீஸ்வரரிடம் சொல்லுங்கள். ஆனால், ஒன்று. துண்டுகள் பொருந்த வேண்டுமென்றால், ஒரு துண்டாவது நகர வேண்டும். வீடு திரும்பியதும் அந்த உறவுக்கு ஒரு போன் செய்யுங்கள். பிரசாதத்தைக் கொடுத்தனுப்புங்கள். நம் பங்கு அவ்வளவுதான். மிச்சத்தை அவர் பார்த்துக் கொள்வார்.

அருவி நீரைத் தீர்த்தமாக மதித்து, சோப்பு, ஷாம்பு இல்லாமல் நீராடுங்கள். பழைய துணிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் அங்கே விட்டு வராதீர்கள். மழைக்காலத்தில் வெள்ளம் அதிகமானால் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சிதறியதைச் சேர்த்து வைக்கும் அறப்பளீஸ்வரர், உங்கள் மனதையும் இல்லத்தையும் முழுமையாக்கி அருளட்டும்!