துணியில் தங்காத உப்பு

நொய்யலின் கதையைச் சொல்பவர்கள் நிறத்தில்தான் தொடங்குவார்கள். திருப்பூரைத் தாண்டும்போது சாயப்பட்டறைக் கழிவால் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியதைச் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் மண்ணைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு.

பருத்தியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும். இரண்டுக்கும் எதிர்மின் தன்மை. அந்த விலகலைத் தணித்துச் சாயத்தை நூலருகே கொண்டுசேர்ப்பது உப்பு. அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். கடல்நீரிலேயே ஏறக்குறைய 35 கிராம்தான். இத்தனை உப்பும் வேலை முடிந்ததும் அலசும் தண்ணீரோடு போய்விடும். சட்டையில் அதன் சுவடே இருக்காது.

1980களிலிருந்து பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. பின்னர் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கிணற்றை இழந்தவரையும் வேலையை இழந்தவரையும் எதிரெதிரே நிறுத்திப் பலர் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. இருவருமே யாரோ போட்ட தப்புக் கணக்கின் சுமையைத் தாங்கியவர்கள்.

அந்தக் கணக்கில் நூலும் சாயமும் தையல்கூலியும் இருந்தன. சட்டையைத் தொட்டுப் பார்த்தால் அவை தெரியும். தெரியாததற்கு யாரும் விலை வைக்கவில்லை. பொருளில் தங்காதது இல்லாமலே போய்விடுகிறது என்று நம்பிவிட்டோம். ஆனால் ஒரு பொருளைச் செய்யும்போது அதில் சேராமல் போவதும் எங்கேனும் தங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியவர் வீட்டில் தங்கவில்லையென்றால், அந்தச் சட்டையைக் கண்ணாலும் பாராத ஒருவரின் வயலில் தங்கும்.

இன்று மீண்டும் இயங்கும் திருப்பூர்ப் பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்பது விதி. சவ்வுகளில் வடித்தும் ஆவியாக்கியும் தண்ணீரையும் உப்பின் பெரும்பகுதியையும் மீட்கிறார்கள். பெரும் செலவும் மின்சாரமும் பிடிக்கும் வேலை. உலகின் பல சாயநகரங்கள் இன்னும் செய்யத் துணியாத வேலை. அதன்பிறகும் மிஞ்சிய கலப்பு உப்பு, மூட்டைகளாகக் கொட்டகைகளில் ஏறியது. அயல்நாட்டுக் கடைகள் ஒட்டும் விலைச்சீட்டில் அந்த மூட்டைக்கும் பங்கு வேண்டும். அதைத் திருப்பூர் மட்டுமே சுமப்பது நியாயமில்லை.