பேச்சில் பிறக்கும் பற்று

கிழக்குத் திசையிலிருந்து இருவர் மதீனா வந்து பேசினார்கள். கேட்டவர்கள் அப்படியே வியந்து போனார்கள். சில பேச்சிலே சூனியம் இருக்கிறது என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது வெளியிட்டார்கள். புகாரியில் உள்ள இச்செய்தி பேச்சுத் திறனுக்குப் பாராட்டு என்பர் சில உலமாக்கள். எச்சரிக்கை என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தும் என்றே நமக்குப் படுகிறது. சூனியத்தில் சிக்கியவன் தான் சிக்கியதை அறியமாட்டான் அல்லவா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வயதான ஒருவரிடம், இந்தக் கட்சிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொள்கை விளக்கத்தை விட, "அண்ணா பேச்சைக் கேட்டேன், போய்விட்டேன்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இதே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்துதான் 1952இல் காமராஜர் நாடாளுமன்றம் சென்றார். அலங்காரமாகப் பேசத் தெரியாதவர். 1954இல் முதலமைச்சரானார், ஊர்தோறும் பள்ளிக்கூடம் வந்தது, பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1967இல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தித் திணிப்பும் மக்களை வாட்டியிருந்தன. பேச்சு மட்டுமே அவரைத் தோற்கடித்தது என்பது நியாயமாகாது. ஆனால் அந்த மனக்குறைகளுக்கு வாய் கொடுத்தது தி.மு.க. மேடைதான். முஸ்லிம் லீகும் அந்தக் கூட்டணியில் இருந்தது. ஆகவே இது பிறர் வீட்டுக் கதையல்ல.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது மேடைகளில் முழங்கிய வாக்கு. ஆட்சி வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. செலவு தாங்காமல் பின்னர் கைவிடப்பட்டது. நம் பக்கத்து மில் தொழிலாளி அதற்காகக் கட்சியை விட்டுவிட்டாரா? பெரும்பாலோர் விடவில்லை.

இதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. திராவிட நாடு கோரிக்கையைக் கேட்டுத்தான் பல இளைஞர்கள் அக்கட்சிக்கு வந்தார்கள். பிரிவினைத் தடைச் சட்டம் வந்த 1963இல் கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா விளக்கினார். சட்டத்தை மதித்து இறங்கி வந்ததை நாம் குறை கூறமாட்டோம், அது விவேகம். நம் கேள்வி கேட்டவர்களைப் பற்றியது. எந்தக் குறிக்கோளுக்காக வந்தார்களோ அது போனபின்னும் பற்று மட்டும் குறையாமல் நின்றதென்றால், அந்தப் பற்று எதன்மீது இருந்தது? நன்றியுணர்வு என்று சொல்லலாம், தோழமை என்றும் சொல்லலாம். இரண்டும் நல்லவையே. ஆனால் அவற்றைக் கொள்கை என்று பெயரிட்டு, கட்சி மாறிய உடன்பிறந்தானுக்கு ஸலாம் சொல்ல மறுப்பது எப்படிச் சரியாகும்? மூன்று நாளுக்கு மேல் பேசாதிருக்க நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. தேர்தல் சண்டைக்கு விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

பேச்சே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த அன்று, அவர்கள் இறக்கவில்லை என்று உமர் (ரலி) கொதித்து நின்றார்கள். அபூபக்ர் (ரலி) வந்து சில சொற்களே பேசினார்கள்: நபியை வணங்கியவருக்கு நபி மறைந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்குபவருக்கு அவன் என்றும் இருக்கிறான் என்ற கருத்தில். ஒரு வசனமும் ஓதினார்கள். உமர் அவர்களின் கால்கள் தளர்ந்தன. அந்த வசனத்தை அதுவரை கேட்டிராதது போல் எல்லோரும் அதையே திரும்பத் திரும்ப ஓதத் தொடங்கினார்கள். அதுவோ உஹதுப் போர்க் காலத்திலேயே இறங்கியிருந்த வசனம்.