பழந்துணியும் தருமமும்

பெருநாள் நெருங்கினால் ஜவுளிக் கடைகளில் கூட்டம் தாங்காது. வீட்டில் புதுத்துணிக்கு இடம் வேண்டுமே! பழையதையெல்லாம் பையில் கட்டிப் பழந்துணிப் பெட்டியில் போட்டுவிட்டு, சதக்காக் கணக்கில் அதையும் சேர்த்துக் கொள்கிறோம். அப்படிச் சேருமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மலாய்க்காரர் 'காயின் பலேகாட்' என்று சொல்லும் கைலிக்குப் பெயர் வந்தது நம் பழவேற்காட்டிலிருந்து. அந்தத் துணியைக் கப்பலேற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து விற்றவர்கள் நம் முன்னோர். பருத்திக் கைலி சாயம் மங்கி மெத்தென்று ஆனதும் பிள்ளைக்குத் தொட்டிலாகும். பிறகு அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் தரை துடைக்கும் துணி. மண்ணில் போட்டால் மக்கிவிடும். குப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று நாம் விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலப்பு. அது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. எண்ணெய் துடைக்கப் பட்டறைக்காரனும் விரும்பி வாங்கமாட்டான். கலந்த நூலைப் பிரித்து மறுபடி நூற்பதும் கடினம். மண்ணிலும் எளிதில் மக்காது.

பெட்டியில் போட்ட துணி எங்கே போகிறது? தரம் பிரிப்பவர்கள் நல்லதை எடுத்துப் பொதி கட்டிக் கப்பலேற்றுகிறார்கள். ஒன்றுக்கும் உதவாதது குப்பைமேட்டுக்குப் போகிறது. நம் தீவின் குப்பை கடலைக் கடந்து பெருநிலத்தில் புலாவ் பூரோங்குக்குச் செல்கிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீ பல நாட்கள் அணையாமல் புகைந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. நாம் கழித்துப் போட்டதன் புகையைச் சுவாசித்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

கப்பலேறிய பொதியும் சும்மா போவதில்லை. கானா நாட்டின் அக்ரா நகரில் கந்தமாந்தோ என்றொரு பெரிய பழந்துணிச் சந்தை உண்டு. உலகின் பல தேசங்களிலிருந்தும் பொதிகள் அங்கே வந்து இறங்குகின்றன. அங்குள்ள சிறு வியாபாரி பொதியைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கொடுக்கிறான். பிரித்தால் கிழிசலும் கறையும்! நட்டம் அவன் தலையில். விற்காத துணி அவ்வூர்ச் சாக்கடையிலும் கடற்கரையிலும் கிடக்கிறது.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த வரலாற்றை மதரஸாவில் ஓதியவர்கள் நாம். மழையில் நனைந்ததை மேலே வைக்கவில்லையே என்பதுதான் அங்கே குற்றம். நல்ல சட்டைகள் இரண்டை மேலே வைத்து, கிழிந்ததை அடியில் திணித்துக் கட்டிய பைக்கும் அந்தக் குவியலுக்கும் என்ன வித்தியாசம்? இனாமாகத்தானே கொடுத்தோம் என்பார்கள். நாம் விலை வாங்கவில்லை. ஆனால் ஏதோ ஓர் ஊரில் ஒரு வியாபாரி விலை கொடுக்கிறான். நமக்கே ஒருவர் தந்தால் முகம் சுளிக்கும் பொருளைத் தருமமாக நீட்டுவதை அல்பகரா அத்தியாயம் கண்டித்திருப்பதையும் மறக்கலாகாது.

ஒரு பருத்திப் பனியன் உருவாக ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பெருநாள் பனியனிடம் மட்டும் அந்தப் பேச்சில்லை!

துணியைத் துவைத்து, பித்தான் தைத்து, உடுத்தக்கூடியதை மட்டும் பெட்டியில் போடட்டும். கிழிந்த பருத்தியைத் தனியே கட்டிப் பட்டறைக்குக் கொடுக்கலாம். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் நாயகம் அவர்கள். ஊசி பிடிப்பது நமக்குக் குறைவா?

இப்படியெல்லாம் எழுதினால் வியாபாரம் படுத்துவிடாதா என்று ஜவுளிக்காரர்கள் நம்மைக் கேட்கக்கூடும். கொஞ்சம் குறையத்தான் செய்யும், மறைத்துப் பேசுவானேன்? ஆனால் பத்து வெள்ளிக்கு மூன்று என்று கூவி, மூன்றே சலவையில் இளகிப்போகும் சட்டையை விற்றால், அது பெட்டிக்குப் போகும்போதே குப்பை. அதை வாங்கியவர் எவ்வளவு நல்லெண்ணத்துடன் பை கட்டினாலும் பயனில்லை. துணியை அளக்கும்போதே 'இது கலப்பு, இது முழுப் பருத்தி' என்று வாய்திறந்து சொல்லி விற்கலாமே! அதற்குக் காசு செலவில்லை.