உறைந்த உணவும் உறங்காத விழிப்பும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில், உறைய வைத்த பரோட்டாவைத் தோசைக்கல்லில் இட்டுச் சிற்றுண்டியை முடித்துக்கொள்வது சிராவகர் இல்லத்துக்கு ஏற்குமா என்ற வினா நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் மருமகள். விடை கூறுபவர் மாமியார். அதனால் அறவினாவாகத் தொடங்குவது வீட்டுப் பிணக்காக முடிந்துவிடுகிறது. இதனைச் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

பொதியின் மேலுள்ள பச்சைப் புள்ளியைக் கண்டதும் பலர் அமைதியுறுகின்றனர். 2001ஆம் ஆண்டில் சட்டத்தால் வந்த அக்குறி, ஊனும் முட்டையும் கலவாதது என்பதை மட்டுமே அறிவிக்கும். சட்டத்தின் கணக்கில் தேன் சைவம். கள், ஊன், தேன் மூன்றையும் மூலகுணத்திலேயே விலக்கிய நமக்கு அவ்வாறன்று. உருளைக்கிழங்கும் பூண்டும் நிறைந்த பரோட்டாவுக்கும் அதே புள்ளிதான். ஆகவே பின்புறத்துச் சிற்றெழுத்துகளையும் படித்தாக வேண்டும். அவற்றைப் படித்த பின்னும், கடையின் ஃப்ரீசரில் அப்பொதிக்கு அருகில் எது கிடந்தது என்பதை அறிய வழியில்லை.

இதனினும் ஆழமானது கால எல்லை பற்றிய ஐயம். அரைத்த மாவுக்குக் குளிர்காலத்தில் ஏழு நாள், கோடையில் ஐந்து, மழைக்காலத்தில் மூன்று என்பது திகம்பர இல்லங்கள் அறிந்த கணக்கு. ஈரமும் வெப்பமும் கூடினால் உணவில் உயிர்கள் விரைந்து தோன்றும் என்பதே இதன் அடிப்படை. இங்குதான் கற்ற இளைஞர் நம்மை மடக்குகின்றனர்: "குளிரில் எல்லை நீளுமாயின், சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் வைத்த மாவுக்கு அது மாதக்கணக்கில் ஏன் நீளக்கூடாது?" வாதம் வலியதே. அக்குளிரில் நுண்ணுயிர்கள் பெருகுவது நின்றுவிடுகிறது. ஆனால் அவை எல்லாம் அழிந்துவிடுவதில்லை. பல உறங்கிக் கிடந்து, பனி இளகியதும் எழுந்துவிடும்.

அவ்வெல்லையால் மற்றொரு பயனும் இருந்தது. மூன்று நாளில் விலக்க வேண்டிய மாவை எவரும் மூன்று மாதத்துக்கு அரைத்து வைப்பதில்லை. நுகர்பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் போகோபபோக பரிமாண விரதம் இவ்வாறு அடுக்களையில் தானாகவே ஓரளவு நடந்தேறியது. ஃப்ரீசர் அந்த வேலியை ஓசையின்றி எடுத்துவிடுகிறது. இரவு கடந்தது என்று பழைய சோற்றை விலக்கும் வீட்டில், நான்கு மாதத்துக்கு முன் பிசைந்த மாவு விருந்தாவது விந்தைதான்.

விரைந்து உறையச் செய்யும் இந்நுட்பமே மீனிலிருந்து பிறந்தது. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர், 1912 முதல் சில ஆண்டுகள் லாப்ரடார் கரையில் தங்கியிருந்தார். அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைவதையும், நெடுநாள் கழித்துச் சமைத்தாலும் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றி உணவின் அமைப்பைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் அவை சிறியனவாக அமையும். 1930இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவர் முறையில் உறைந்த இறைச்சியும் மீனும் பட்டாணியும் ஒன்றாகவே விற்பனைக்கு வந்தன. பிறப்பிடம் கருதி ஒரு நுட்பத்தை வெறுப்பது முறையன்று என்பதே நம் கருத்து.

பனிக்கட்டியோடு வாழ்வோரை நாமும் அருகிருந்து கண்டதுண்டு. ஆசிரியப் பயிற்சி மாணவியரைக் கற்பித்தல் பயிற்சிக்காகப் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களுக்கு அழைத்துச் சென்ற ஆண்டுகள் அவை. அம்மக்களுக்கு ஞாயிறு, திங்கள் என்ற கணக்கைவிடப் பாட்டுக் கணக்கே பெரிது. ஏரியில் எவர், எவ்விடத்தில், எந்நாள் வலையிடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கைப் 'பாடு' என்பர். அவர்தம் தொழிலை நம் அறம் ஏற்பதற்கில்லை. இதை மழுப்ப வேண்டியதும் இல்லை. ஆயினும் ஐஸ் பெட்டியின் முன் அமர்ந்திருந்த பெண்களின் கூர்மையை நாம் மறக்கவில்லை. எது இன்று வந்தது, எது நேற்றையது, எந்தப் பெட்டியில் ஐஸ் கரைந்து மறுபடி இடப்பட்டது என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நமக்கோ அச்சிட்ட தேதியன்றி வேறு சாட்சி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய நாள்களில் ஒரு பொதி இளகிப் பின் மீண்டும் உறைந்திருந்தால், அதை அந்தத் தேதி காட்டிக்கொடுக்குமா?

நம் இல்லத்திலும் ஒரு பொதி வாங்கினோம். உண்டவர்கள் "பிரமாதம்" என்றனர். சுவையில் குறை சொல்வதற்கில்லை. அடுக்குகள் நன்றாகவே பிரிந்தன. இச்சொல் வழக்கில் மிக நன்று என்று பொருள்பட்டுவிட்டது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் காரணமாகக் காட்டும் பிரமாதம் வேறு: அது கவனமின்மை. உயிர்க்கேடு நேர்ந்ததா என்பதோடு, நாம் விழிப்புடன் இருந்தோமா என்பதையும் ஆசிரியர் உமாசுவாமி வினவுகிறார். உறைந்த பரோட்டாவின் சிக்கல் அதன் குளிரிலோ வயதிலோ மட்டும் இல்லை. நீரை வடிகட்டி, தானியத்தைப் புடைத்து, இலையைத் திருப்பிப் பார்த்த கண்களின் வேலையை அது தொலைவிலுள்ள ஓர் ஆலையிடம் ஒப்படைத்துவிடுகிறது. கொலைத்தொழில் என்று நாம் விலகி நிற்கும் குப்பத்துப் பெண் தன் கைப்பொருளை அறிந்திருக்க, கொல்லாமை பேணும் நாம் நம் உணவை அறியாதிருப்பது நெஞ்சை உறுத்துகிறது.

எனினும் மாமியார்களுக்கு ஒரு சொல். ஆறு நாள் அலுவலகமும் அடுக்களையும் பார்க்கும் பெண் ஏழாம் நாள் ஓய்வு நாடுவதைச் சோம்பல் என்பது கொடுமை. அந்த விழிப்பு முழுவதையும் அவள் ஒருத்தியின் தலைமேலேயே வைத்தது எந்த ஆகமம்? உடல்நலிவுற்றோ பிரயாணம் முடிந்தோ வந்த நாளில், எழுத்துகளைப் படித்து வாங்கிய ஒரு பொதியை நாம் குறை கூறமாட்டோம். வாரந்தோறும் வாங்கி அடுக்குவதற்கு உடன்படவும் மாட்டோம். ஞாயிறன்று அடுப்பே வேண்டாத சிற்றுண்டி நம்மிடம் உண்டு. அதை மகனும் கணவரும் செய்யலாம். கெட்டி அவலைத் தட்டில் பரப்பிப் பார்த்து, வடிகட்டிய நீரில் இருமுறை களைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெல்லத் துருவலும் தேங்காயும் ஏலப்பொடியும் கலந்தால் போதும். மெல்லிய அவலாயின் ஊறவிட வேண்டா. களைந்து பிழிந்ததுமே பதமாகிவிடும்.